வெள்ளைமேல் வெள்ளை

ஜனவரி 5, திங்கள்

இன்றைக்குக் கண்காட்சிக்கு வருகிற குவில்ட்டுகளை வாங்கி வைக்கும் நாள். காலையிலிருந்து ஊரார் வீட்டு வாடையையெல்லாம் மோந்து பார்த்து மூக்கே செத்துப்போச்சு.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கண்காட்சிக்கு வரும் எந்தக் குவில்ட்டையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே எடுக்கவேண்டும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்துத் தையல். அந்தப் பஞ்சு வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாம்பிராணி, கருவாடு, அந்துருண்டை, புருஷனுடைய சிகரெட். ஒன்று நாறினால் பக்கத்தில் தொங்குகிறதும் நாறும். வாடை, முடி, கறை, இதில் எது இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நான் போட்ட விதி. கோவை குவில்ட் வட்டத்தை ஆரம்பித்தவள் நான், விதியும் நான்தான் போடுவேன்.

இன்று வந்த ஒன்றில் பூனை படுத்து எழுந்திருக்கிறது. சீ. நினைத்தாலே தொண்டைக்குள் முடி மாட்டின மாதிரி இருக்கிறது. "பூனை எங்க வீட்டுக்குள்ளயே வராதுங்க்கா" என்று அந்தம்மா சத்தியம் பண்ணுகிறாள். ஓரத்தைத் தடவினேன், விரலில் ஒரு முடி தட்டுப்பட்டது. எடுத்து மேஜைமேல் வைத்து, "அப்ப இது உங்க வீட்டுக்காரருதா?" என்றேன். எங்கள் செயலாளர் பிரேமலதா ரசீது புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருஷம் கண்காட்சி பெரிசு. அவிநாசி ரோட்டில் புது ஹால். சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு பையன் வந்து எதை எங்கே மாட்டுவது என்று முடிவுசெய்வானாம். வாசலுக்கு நேர் சுவரில் தொங்குகிறதை அப்படியே சென்னைக் கண்காட்சிக்கும் கொண்டுபோவானாம். அன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் நேர் சுவர், நேர் சுவர் என்று என் உயிரை வாங்குகிறாள். யாருடையது தகுதியானது என்று அவனுக்குச் சொல்லப்போவது நான். மில்லில் ஷேடு ரூமில் முப்பது வருஷம் இருந்தவள். சாயம் போட்ட துணியை விளக்குப் பெட்டியில் வைத்து ஓகே, ரிஜெக்ட் சொல்கிற வேலை. நான் ரிஜெக்ட் என்றால் முதலாளியே வந்தாலும் அது ரிஜெக்ட்தான்.

ஜனவரி 8, வியாழன்

என் குவில்ட்டின் பின்பக்கத்துக்கு வெள்ளைத் துணி கேட்டால் டவுன்ஹால் கடைக்காரன் பழுத்த துணியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். யாரோ உடுத்திக் கழற்றின வேட்டி நிறம். தொடவே கூசியது. ஆட்டோ பிடித்துப் போய்க் கல்லாமேல் போட்டேன்.

"அம்மா, இதுக்கு மேல வெள்ளை உலகத்துலயே இல்லீங்க."

"உன்ற உலகத்துல இல்லைன்னு சொல்லு" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் பேப்பரை இறக்காமலே, "பாலு மஞ்சளுங்கற, துணி மஞ்சளுங்கற, நேத்து டியூப்லைட்டு மஞ்சளுன்ன. ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வந்துட்டா என்ன ராதா?" என்கிறார். ரெவின்யூ ஆபீசில் முத்திரை குத்தின மனுஷன் எனக்குக் கண்ணைப் பற்றிச் சொல்கிறார். பால் மஞ்சளாக இருந்தால் பால்காரனைக் கேட்கவேண்டும், என்னை அல்ல.

ஜனவரி 12, திங்கள்

சௌடேஸ்வரியின் குவில்ட் வந்தது. மனசு விட்டுப்போச்சு.

வடவள்ளிக்காரி. பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். வட்டத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஒரு தடவைகூட அவளுடையதை மாட்டினதில்லை. ஒரு வருஷம் ஓரம் கோணல், ஒரு வருஷம் தையல் தளர்வு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூஞ்சியைத் தூக்கினதில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரித்துத் தைத்துப் பழகினாள். இந்தத் தடவை நேர் சுவரை நினைத்தே மூன்று வருஷமாகத் தைத்திருக்கிறாள். கட்டில் கொள்ளாத அகலம். வெள்ளைத் துணி, அதன்மேல் வெண்பட்டு நூல். வேறு நிறமே கிடையாது. தையல் அமுங்கின இடத்தில் விழுகிற நிழல்தான் சித்திரம். இதைச் செய்ய நெஞ்சழுத்தம் வேண்டும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

விரித்ததும் குமட்டியது. முழுக்க மஞ்சள். அங்கங்கே கறை என்றால்கூடச் சரி என்று விடலாம், இது நாலு மூலையும் ஊறின மஞ்சள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்து எடுத்த மாதிரி. சித்திரமும் எழும்பவில்லை. என்ன என்று தெரியாமல் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். வரிசையாக நாற்காலிகள். அதில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஜனங்கள்.

"எங்க க்ளினிக்ல காத்துட்டு இருக்கறவங்கதானுங்க்கா. தெனமும் பாக்கறனுங்கல்ல" என்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு அழுக்கை எப்படிக் கொண்டாந்து வெக்கிற?"

அவளுக்குப் புரியவில்லை. "எங்கீங்க்கா அழுக்கு?"

"எங்க இல்லைன்னு கேளு."

"ஒரே தாண் துணியில வெட்டுனதுங்க்கா. கையக் கழுவாம தொட்டதே இல்லீங்க."

"அப்ப கைவேர்வை. பஞ்சுக்குள்ள எறங்கியிருக்கும்."

பிரேமலதா எட்டிப் பார்த்து, "எனக்கு வெள்ளையாத்தான் தெரியுதுங்க்கா" என்றாள். உனக்கு வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். உடனே, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பின்வாங்கிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

சௌடேஸ்வரி குவில்ட்டின் ஒரு மூலையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "எனக்குத்தான் தெரியலீங்க போல. உங்க கண்ணு யாருக்குங்க்கா வரும்" என்றாள். துவைத்துக் கொண்டுவருகிறாளாம். கறை போனால் நேர் சுவர் உண்டுங்களா என்று கேட்டாள்.

"போச்சுன்னா அது உன்ற சுவரு. போகலைன்னா எங்கயும் கெடையாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து கையை ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பச்சரிசி பழுப்பு, பால் பழுப்பு. வெல்லமே போடாத வெண்பொங்கல் வெல்லம் போட்ட நிறத்தில் வந்து நிற்கிறது. ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. இவர் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 20, செவ்வாய்

சௌடேஸ்வரி மறுபடி வந்தாள். வேலை முடிந்து சாயங்காலம், குவில்ட்டைக் குழந்தை மாதிரி வேட்டியில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி, பிழியாமல் இளவெயிலில் காயப்போட்டாளாம். அதற்காகவே ரெண்டு நாள் லீவு.

டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். போன தடவையைவிட மோசம். மஞ்சளுக்குமேல் ஒரு பழுப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருஷம் உட்கார்ந்து தைக்கத் தெரிகிறது, சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?

"போகலை" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் பாத்தாருங்க்கா. என்ற கூட வேலை செய்யற புள்ளையும் பாத்துச்சு. ரெண்டு பேரும் வெள்ளைன்னுதான்…"

"உன்ற வீட்டுக்காரரு மில்லுல ஷேடு பாத்தவரா?"

"இல்லீங்க. ஸ்வீட் ஸ்டால்ல பில் போடறாருங்க."

"அப்பறம் என்ன?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. மடிக்கும்போது அங்கங்கே நிறுத்தி உற்று உற்றுப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எரிச்சலாக இருந்தது. அதுதான் முழுக்க இருக்கிறதே.

அவள் போனபிறகு பிரேமலதா, "இந்த ஒருக்கா விட்டுறலாங்க்கா, பாவம்" என்றாள்.

"பாவம்னா உன்ற வீட்டுக் கட்டில்ல விரிச்சுக்க. சென்னைக்காரன் வந்து கோயமுத்தூர்க்காரிக அழுக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கா நான் இத்தனை வருஷம் ஒழச்சேன்?"

இந்த ஊரில் பாவம் என்று சொல்லியே எல்லாவற்றையும் தரமில்லாமல் பண்ணுகிறார்கள். அருவருப்பாக இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

சௌடேஸ்வரி போன். எலுமிச்சை போடலாமா, சோடா உப்பு போடலாமா என்று நச்சரிப்பு. எதையாவது போட்டு எடு, என்னைப் படுத்தாதே என்று வைத்துவிட்டேன். ரசத்தில் புளி கூடிப்போச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

என் குவில்ட் முடிந்தது. மருதமலைச் சாயங்காலம். கருநீலம், சாம்பல், ஓரத்தில் மங்கின கறுப்பு. அவ்வளவுதான். இப்போதெல்லாம் ஆளாளுக்குக் கண்ணைக் குத்துகிற நிறத்தைப் போட்டு அதற்குக் கலை என்று பேர் வைக்கிறார்கள். பார்த்தால் கல்யாண மண்டபத்து எச்சில் இலை ஞாபகம்தான் வருகிறது. நான் அடக்கமாகச் செய்திருக்கிறேன்.

ஊசிக்குக் காதே வைக்காமல் விற்கிறான்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பாக்கெட் ஊசிக்கும் நூல் கோத்து வாங்கி வைத்துக்கொண்டேன். விளக்கும் சரியில்லை, பல்பைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம் அடிக்கிறது. கரன்ட்டில் கோளாறு.

பிரேமலதா வந்து பார்த்தாள். ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கலரெல்லாம் ரொம்ப துணிச்சலா இருக்குதுங்க்கா" என்றாள்.

"கருநீலத்துல என்ன துணிச்சல்?"

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாட்டும் நாள். ஹால் முழுக்கப் புதுப் பெயின்ட் நெடி. நிரஞ்சன் வந்திருந்தான். காதில் வளையம். குவில்ட் என்று சொல்லக்கூடாதாம், டெக்ஸ்டைல் ஆர்ட்டாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையைச் சாய்த்து நின்று உம் உம் என்கிறான். டீயை உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறதே, கடவுளே.

சௌடேஸ்வரி வரவில்லை. இன்றைக்குள் கொண்டுவந்தால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரியும். பிரேமலதா காலையிலிருந்து போன் அடித்தாள், எடுக்கவில்லை. நேர் சுவர் காலியாகவே கிடந்தது. மூன்று மணிக்குமேல் யாருக்காகக் காத்திருப்பது? பிரேமலதாதான் என்னுடையதைப் பிரித்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சுவர்மேல் ஆசையும் கிடையாது.

நிரஞ்சன் அதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தான். "மேம், இது வேற லெவல். இந்த ஊதா! இவ்வளவு கத்தற ஊதாவ ரோஸ் பக்கத்துல வெக்க யாருக்கும் தைரியம் வராது. பாக்கறவனை அறையற மாதிரி இருக்கு" என்றான்.

"எந்த ஊதா?" என்றேன்.

அவன் ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். "சூப்பர் மேம். எந்த ஊதான்னு கேக்கறீங்க பாருங்க." நேர் சுவருக்கு இதுதான் என்றான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பிரேமலதா தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்த முட்டாள்களுக்கு நிறம்கூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

மிச்சத் துணி ஒன்றை எடுத்து இவர் முன்னால் நீட்டி, "இது என்ன கலருங்க?" என்றேன்.

"கத்திரிப்பூக் கலரு."

"கருநீலம் இல்லீங்களா?"

"இல்ல ராதா. பளிச்சுனு கத்திரிப்பூ."

சாம்பல் துணியைக் காட்டினேன். ரோஸ் என்றார். கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நாளைக்குக் கண் டாக்டர் காலையில் இருக்கிறாராம், டோக்கன் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். அவர் கிண்டல் பண்ணாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ரெண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சின்னப் பெண். "நல்லா முத்திருச்சுங்கம்மா. இத்தனை நாளு எப்படிச் சமாளிச்சீங்க? எல்லாம் மஞ்சளா, மங்கலாத் தெரிஞ்சிருக்குமே?"

"கடைக்காரனுக மோசம்னு நெனச்சேன்" என்றேன்.

இவர் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஊதாவும் நீலமும் முதலில் போகுமாம். வெள்ளை பழுத்துப்போகுமாம். மெதுவாக வருவதால் வந்ததே தெரியாதாம். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? செவ்வாய்க்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். காத்திருப்பவர்கள் அறையில் எல்லாரும் கண்ணில் பஞ்சை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் ஒழுகினதைத் துண்டால் துடைத்து அதே துண்டால் மூக்கையும் துடைத்தார்.

வேறு எதையும் யோசிக்க எனக்கு நேரமில்லை. சனிக்கிழமை திறப்பு.

பிப்ரவரி 7, சனி

திறப்பு. கூட்டம், சால்வை, சமோசா. சமோசா தின்ற கையோடு குவில்ட்டைத் தொட வருகிறார்கள். தொடக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் பெண்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். யாராவது கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்தையலைக் காட்டுவார்கள். பிரேமலதா எனக்கும் ஒரு ஜோடி நீட்டினாள். பழுப்பாக இருந்தது. அழுக்கு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"இது வெள்ளையா பிரேமா?"

"புதுசுங்க்கா. இப்பத்தான் பாக்கெட்டப் பிரிச்சேன்."

போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

என் குவில்ட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் ஊதாவைப் பற்றியே பேசினார்கள். நான் தலையாட்டினேன்.

சௌடேஸ்வரி வரவில்லை. நம்பரைத் தேடி எடுத்தேன், அழுத்தவில்லை. அது நிஜமாகவே கறையாகவும் இருக்கலாம். புரை இருக்கிறவள் பார்த்தால் கறையே இருக்கக்கூடாது என்று சட்டமா?

பிப்ரவரி 11, புதன்

கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் கோட்டு வெள்ளை. ஜன்னல் திரை வெள்ளை. யாரோ சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நல்லாத் தெரியுதாம்மா என்றாள். தெரிகிறது என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நான் எந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் தடிமனுக்குப் பாசி மாதிரி இறங்கியிருக்கிறது. குழாயடியில் கறுப்பு. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் என் கை அழுக்கே அச்சாக இருக்கிறது. இவருடைய பனியனைக் கையில் எடுத்துவிட்டு உதறினேன். இந்த அடுக்களையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் ஊரார் வீட்டு வாடையைப் பற்றிப் பேசினேன். த்தூ.

பால் காய்ச்சினேன். வலது கண்ணுக்கு வெள்ளை. வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தால் மஞ்சள். அதே பால், அதே டம்ளர். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன். கையுறையை எடுத்துப் பார்த்தேன். தலையணை உறையைப் பார்த்தேன். இவர் வந்து, கண்ணைக் கசக்காதே என்றார். கசக்கவில்லை என்றேன். அப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும் நேர் சுவரிலிருந்து அது என்னைப் பார்த்துக் கத்தியது. கண்றாவி. ஊதாவும் ரோஸும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. ஓரத்தில் நான் கறுப்பு என்று வைத்தது ரத்தச் சிவப்பு. மருதமலையுமில்லை, சாயங்காலமுமில்லை. மில்லில் யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் மூஞ்சியில் எறிந்திருப்பேன். இதுதான் சென்னைக்குப் போகப்போகிறது.

பிரேமலதாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"சௌடேஸ்வரியோடது வெள்ளையா இருந்துச்சா?"

அவள் கைவிரலைப் பிசைந்தாள். "ஆமாங்க்கா."

"எவ்வளவு வெள்ளை?"

"சுத்தமா வெள்ளைங்க்கா. ஒரு பொட்டுகூட இல்லை."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னனுங்களே." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்ககிட்ட ரெண்டாவது தடவை யாருங்க்கா சொல்லுவாங்க?" என்றாள்.

அறையலாம் போல இருந்தது. அவளை இல்லை.

நிரஞ்சனுக்குப் போன் பண்ணினேன். நேர் சுவரில் இருக்கிறதை இறக்குகிறேன், வேறு ஒன்று வருகிறது, சென்னைக்கும் அதுதான் என்றேன். மேம், ப்ளீஸ் மேம் என்று கெஞ்சினான். அந்த ஊதா கண் தெரியாமல் வைத்தது தம்பி என்றேன். அது இன்னும் இன்ட்ரஸ்டிங் மேம் என்றான். வைத்துவிட்டேன். கண்காட்சி இருபத்திரண்டாம் தேதிவரை இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் முழுசாகத் தொங்கும். நாளைக்கு நானே போய்ச் சௌடேஸ்வரியிடமிருந்து வாங்கி வருவேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வடவள்ளியில் மாடிவீடு. சௌடேஸ்வரி மட்டும்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்க்கா, கண்ணு ஆபரேஷனுன்னு பிரேமாக்கா சொன்னாங்க, இந்த வெயில்ல ஏங்க்கா வந்தீங்க" என்று ஃபேனைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. தரை, டம்ளர், ஜன்னல் கம்பி, எல்லாம்.

"உன்ற குவில்ட்டை எடு. நேர் சுவத்துல இருக்கறத எறக்கிட்டு உன்னுதை மாட்டப்போறோம். கையோட எடுத்துட்டுப் போலாம்னு ஆட்டோவ நிக்க வெச்சிருக்கேன்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அது இப்ப மாட்ற மாதிரி இல்லீங்க்கா."

எடு என்றேன். பீரோவிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள்.

மஞ்சள். வலது கண்ணால், புதுக் கண்ணால் பார்க்கிறேன், மஞ்சள். துணி வெள்ளையாகத்தான் இருக்கிறது. தையல் போன வழியெல்லாம் மஞ்சள். பட்டு நூல் இத்துப்போய் அங்கங்கே பிசிறு நிற்கிறது. அமுங்கியிருந்த பஞ்சு எழும்பிவிட்டது. ஒரு மூலையில் ஒரு நாற்காலியின் கால் மட்டும் தெரிந்தது.

"என்ன போட்ட?"

"க்ளினிக்ல தரை தொடைக்கற ப்ளீச்சுங்க்கா. சோப்பு, எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டுப் பாத்தனுங்க. எதுலயும் எனக்கு வித்தியாசமே தெரியல. நீங்க எதையாவது போட்டு எடுன்னு சொன்னீங்கல்ல. ஒரு நாள் முச்சூடும் ஊற வெச்சனுங்க."

பட்டில் ப்ளீச் பட்டால் மஞ்சளாகி இத்துவிடும். ஷேடு ரூமுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கெல்லாம் முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. போனில் கேட்டவளுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க்கா. ஒண்ணு மட்டும் நல்லதுங்க. நீங்க சொன்ன மஞ்சளு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. உள்ளுக்குள்ளயே இருந்திருக்குது, ப்ளீச்சு போட்டதும் வெளிய வந்துருச்சு. இத்தன வருசம் தெச்சும் எனக்குக் கண்ணு பழகலீங்க. உங்களத்தான் சும்மா சும்மாப் படுத்திட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்திருக்கலாம். அவளே கதையை முடித்துக் கொடுத்துவிட்டாள், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். வாயில் சரி என்பதுகூட வந்துவிட்டது. இதை எழுதும்போது பேனா பிடித்த கையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. பூனைமுடிக்கெல்லாம் மூக்கைச் சுளித்தவளுக்குள் இவ்வளவு அழுக்கு இருந்திருக்கிறது.

"அழுக்கே இல்லைம்மிணி" என்றேன். "என்ற கண்ணுல புரை. எனக்குப் பாலும் மஞ்சளாத்தான் தெரிஞ்சுது. உன்ற குவில்ட்டுல ஒண்ணுமே இல்லை. நான்தான் குருட்டுக் கண்ணை வெச்சுக்கிட்டு உன்னையக் கெடுத்துட்டேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலத்தான் இருந்தது. நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் பிசிறை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"போட்டோ எடுத்தனுங்க" என்றாள். "போன்ல வெறும் வெள்ளப் போர்வையாத்தான் தெரியுது, தையலே விழுகல. எங்க வீட்டுல பாத்தவங்களுக்கு இதெல்லாம் என்னன்னே தெரியாது. பிரேமாக்காவும் சும்மா எட்டிப் பாத்ததுதான். இதையப் பத்தித் தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து, விரிச்சு வெச்சுப் பாத்ததுன்னா நீங்க ஒருத்தருதான்."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க்கா. கறைய விடுங்க. அன்னைக்கு அது எப்படி இருந்துச்சு? நல்லா வந்திருந்துச்சுங்களா?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். நல்லா இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

"நான் அதையப் பாக்கவே இல்லைம்மிணி" என்றேன்.